மஞ்சளுக்குள் மஞ்சள்: ஒரு பூத்தேவதைப் படத்தை நகலெடுத்துக் கற்ற வாட்டர்கலர்

வாட்டர்கலர் கற்றுக்கொள்ள யூடியூபில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. முக்கால்வாசி மலை, ஏரி, சூரிய அஸ்தமனம். அதையெல்லாம் போட்டுப் பழகினாலும் ஒரு குழந்தை முகத்தை வரையச் சொன்னால் கை தயங்கும். மேகம் கொஞ்சம் கோணலாகப் போனால் அது வேறொரு மேகம், யாரும் கேட்கப் போவதில்லை. மூக்கு கோணலாகப் போனால் பார்க்கிற எல்லாரும் கேட்பார்கள். அதனால் புதிது புதிதாகப் போடுவதை நிறுத்திவிட்டு, குழந்தையும் பூவும் இருக்கிற ஒரே படத்தை எடுத்து, அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று புரிகிறவரை நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். எடுத்துக்கொண்டது ஆங்கில ஓவியர் சிசிலி மேரி பார்க்கரின் பிரிம்ரோஸ் தேவதை. பிரிம்ரோஸ் என்பது இங்கிலாந்தின் ஒரு வசந்தகாலப் பூ.

பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். வாழ்த்து அட்டை, டீ கப், நோட்டு அட்டை எல்லாவற்றிலும் வந்துவிட்டன. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குழந்தை. அந்தப் பூவே உடை, முதுகில் பூச்சியின் சிறகு. பார்க்கர் 1895-ல் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே வலிப்பு நோய். அதனால் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். விதை வியாபாரத்தில் இருந்த அப்பாவுக்கும் படம் வரைகிற ஆசை உண்டு. மகளுக்குப் பதின்மூன்று வயதில் தபால் வழி ஓவியப் பாடத்துக்குப் பணம் கட்டினார். அதை மகள் பல வருடம் விடாமல் தொடர்ந்தார். தபாலில் வரும் பாடத்தை வைத்துக்கொண்டு வீட்டு மேஜையில் வரைந்து பழகியவர் என்பதே, ஆசிரியர் இல்லாமல் கற்கும் எனக்குப் பாதி தைரியம். 1923-ல் வசந்தகாலப் பூக்களின் தொகுப்பு வந்தபோது 24 படங்களுக்கும் அவற்றோடு வந்த பாட்டுகளுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 25 பவுண்டு.

இங்கிலாந்தில் அப்போது தேவதை மோகம் உச்சத்தில் இருந்தது. காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்து எடுத்த 'தேவதை' போட்டோக்களை, ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே உண்மை என்று நம்பி 1920-ல் பத்திரிகையில் எழுதினார். பார்க்கர் அந்தப் பக்கமே போகவில்லை. தான் தேவதை எதையும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, செடியை மட்டும் உண்மையான செடியைப் பார்த்தே வரைந்ததாகச் சொன்னவர். அக்கா டாரத்தி வீட்டிலேயே நடத்திய மழலையர் பள்ளியின் பிள்ளைகள்தான் அவருடைய மாடல்கள். பிரிம்ரோஸ் தேவதைக்கு நின்றது சனிக்கிழமைகளில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு சிறுமி. குழந்தையின் கையில் அந்தந்தப் பூவைக் கொடுத்துத்தான் வரைவார். பூ கிடைக்காவிட்டால் கியூ தாவரவியல் பூங்கா ஊழியர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். உடையையும் அவரே தைத்தார். சிறகு சுள்ளியும் மெல்லிய வலைத்துணியும். ஒரு படம் முடிந்ததும் உடையைப் பிரித்து அடுத்ததற்குப் பயன்படுத்திக்கொள்வார். பூவின் அளவைக் குழந்தையின் அளவுக்குப் பெரிதாக்கியது ஒன்றுதான் கற்பனை.

இதைத் தெரிந்துகொண்டதும் நகலெடுக்கும் வேலையே எனக்கு வேறாகிவிட்டது. கோட்டைப் பார்த்துக் கோடு போட்டால் வருவது அச்சின் நகல்தான். எந்த முடிவை அவர் முதலில் எடுத்திருப்பார், எங்கே பேப்பரை வெள்ளையாக விட்டார், எதை வரையாமலே விட்டார் என்று தேடினால்தான் ஏதாவது கையில் ஒட்டும்.

பேப்பரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் பெயின்டிலிருந்து தொடங்குகிறார்கள். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் இந்த மாதிரிப் படம் வராது. மூன்றாவது முறை ஈரம் பட்டதும் மேல்தோல் உரிந்து மணிமணியாகத் திரளும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை) காட்டன் பேப்பர் வேண்டும். விலை கூடத்தான். ஆனால் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் முழு ஷீட்டாக வாங்கி எட்டாக வெட்டினால், ஒவ்வொன்றும் 11-க்கு ஏழரை அங்குலம். இந்தப் படத்துக்குச் சரியான அளவு. பேட் வாங்குவதைவிடக் கட்டுப்படியாகும். சொரசொரப்பான கோல்ட் பிரஸ், வழவழப்பான ஹாட் பிரஸ் என்று இரண்டு வகை உண்டு. பேனாக் கோடும் சின்ன முகமும் இருப்பதால் ஹாட் பிரஸ் நல்லது. ஆனால் அதில் தண்ணீர் கட்டுப்படாமல் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோல்ட் பிரஸ்ஸிலேயே பழகலாம், கோடு கொஞ்சம் சொரசொரப்பாக வந்தாலும் பரவாயில்லை. பெயின்ட்டைப் பொறுத்தவரை கேமல் டியூபே போதும், பத்துக் கலருக்கு மேல் தேவையில்லை. பிரஷ்ஷும் ரவுண்டில் 2, 4, 8 போதும். 8-ஆம் நம்பரின் நுனி மட்டும் கூர்மையாக இருக்கிறதா என்று கடையிலேயே தண்ணீரில் நனைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தாலும்.

உருவரையை டிரேஸ் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பிரதிக்கு செய்யலாம் என்பது என் கட்சி. பெயின்ட் படிக்க வந்த இடத்தில் டிராயிங்கில் சக்தியைச் செலவழித்தால் இரண்டும் கெடும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம். 300 ஜிஎஸ்எம் பேப்பரில் சரியாகத் தெரியாவிட்டால், டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் 2பி பென்சிலைத் தேய்த்து வைத்து மேலே வரையுங்கள். கார்பன் பேப்பர் வேண்டாம். அதன் கோட்டில் மெழுகு இருக்கிறது. ரப்பரால் போகாது, அந்த இடத்தில் கலரும் ஒட்டாது. சாதாரண ரப்பரும் பேப்பரின் மேல்பூச்சைக் கிழிக்கும். களிமண் போலப் பிசைகிற நீடட் எரேசரை ஒற்றி எடுத்தால் போதும். அடுத்தடுத்த பிரதிகளை டிரேஸ் இல்லாமல் போட வேண்டும். அப்போதுதான் குழந்தையின் அளவு எவ்வளவு வினோதமானது என்று தெரியும்.

பெரியவர்களுக்குத் தலை ஒன்று என்றால் மொத்த உயரம் ஏழு, ஏழரை. ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு அது ஐந்து, ஐந்தரைதான். கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். நெற்றி அத்தனை பெரிது. கை தானாக வரைவது பெரியவர்களின் அளவைத்தான், அதனால் குழந்தை ஒரு குட்டி ஆன்ட்டியாக வந்து நிற்கும். கோயில் சிற்பத்திலும் காலண்டர் கிருஷ்ணனிலும் பழகிய கண்ணுக்கு இது இன்னும் சிரமம். அங்கே பெரிய விழியும் கூர் மூக்கும் அழகு. பார்க்கரின் குழந்தைகளின் மூக்கில் கோடே கிடையாது என்று சொல்லலாம். மூக்கின் அடியில் ஒரு சின்ன நிழல், அவ்வளவுதான். கண்ணின் வெள்ளையும் வெள்ளை இல்லை. மேல் இமையின் நிழல் விழுந்து சாம்பலாக இருக்கும். அதை வெள்ளையாக விட்டால் குழந்தை முறைக்கிற மாதிரி ஆகிவிடும்.

இனி மஞ்சள். பிரிம்ரோஸ் ரொம்ப வெளிறிய மஞ்சள், நடுவில் மட்டும் கொஞ்சம் அழுத்தம். உடையும் அதே மஞ்சள். வெள்ளைப் பேப்பரில் வெளிர்மஞ்சள் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத மாதிரிதான். லெமன் எல்லோவை டியூபிலிருந்து அப்படியே அப்பினாலும் வெளிர் நிறம்தான். அடர்த்திக்கு இடமே இல்லை. அதில் நிழல் வேண்டும் என்று கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சை வரும். பிரவுனைக் கலந்தால் துணி அழுக்காகத் தெரியும்.

வழி கிடைத்தது போனில்தான். படத்தை போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். மஞ்சள் என்று நான் நினைத்த இடத்தில் பாதி, சாம்பல். நிழல்கள் எதிர்பார்த்ததைவிட அடர்த்தி. பூவைச் சுற்றிய இலைப்பச்சை அதைவிடவும் அடர்த்தி. பூவின் வெளிச்சம் பூவில் இல்லை, பக்கத்தில் இருக்கிற இலையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் பூவைத் தொடாமல் சுற்றியுள்ள பச்சை. பிறகு உடையின் மடிப்புகளில் மஞ்சளே இல்லாமல் கோபால்ட் ப்ளூவும் ரோஸும் கலந்த மெல்லிய கத்தரிப்பூ நிழல். நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் ஒரே இழுப்பில் மஞ்சள். ஊதா மஞ்சளுக்கு எதிர்நிறம் என்பதால் இரண்டும் சேர்ந்து இதமான சாம்பலாகும், பச்சை ஆகாது. மஞ்சளைப் போட்டுவிட்டு மேலே ஊதாவைப் போடுகிறவர்களும் உண்டு. என் கைக்கு நிழல் முதலில் போவதுதான் சுத்தமாக வந்தது. எந்த வழியானாலும் பிரஷ்ஷை இரண்டு முறை தேய்க்கக் கூடாது. அடியில் இருப்பது கரைந்து மேலே வந்துவிடும்.

இலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிம்ரோஸ் இலை சுருங்கிச் சுருங்கி இருக்கும். நரம்புகளைக் கோடாக வரையாதீர்கள். பச்சை அரை ஈரமாக இருக்கும்போது, துடைத்த பிரஷ்ஷால் நரம்பு போகிற வழியில் கலரை உறிஞ்சி எடுங்கள். எடுத்த இடத்தில் வெளிர்கோடு விழும். பக்கத்துப் பச்சை தானாகவே மேடாகத் தெரியும். சாப் க்ரீனை அப்படியே போடுவதைவிட, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா தட்டிக்கொண்டால் பிளாஸ்டிக் பளபளப்பு போகும்.

அச்சை நம்புவதிலும் ஒரு எல்லை உண்டு. ஒரே படம் ஒரு பதிப்பில் எலுமிச்சை மஞ்சளாகவும் இன்னொன்றில் வெண்ணெய் நிறமாகவும் இருக்கும். போன் ஸ்கிரீனில் வேறு மாதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அங்கே பெயின்டே இல்லை, மைப்புள்ளிகள்தான். பூவின் நடுப்பகுதி அச்சில் ஒரு ஆரஞ்சுப் புள்ளியாக நின்றுவிடுகிறது. உண்மையில் பிரிம்ரோஸில் இரண்டு வகை உண்டு. ஒரு செடியின் பூக்களில் குண்டூசித் தலை போலச் சூலகமுடி, பூக்குழாயின் வாய்ப் பக்கம் தெரியும். இன்னொரு செடியில் அது உள்ளே மறைந்து ஐந்து மகரந்தப் பைகள் தெரியும். அயல் மகரந்தச் சேர்க்கைக்கான ஏற்பாடு இது என்று 1862-ல் டார்வின் கட்டுரை எழுதினார். இதைப் படித்த பிறகு அந்த ஆரஞ்சுப் புள்ளியை வைக்கும்போதெல்லாம், எதை வரைகிறேன் என்றே தெரியாமல் வரைகிறோமே என்று இருந்தது. பிரிம்ரோஸ் பாளையங்கோட்டையில் கிடைக்காது. நகலின் வேலை அங்கே முடிந்தது.

அடுத்து என்ன செய்தேன் என்பதற்கு முன் பேனாக் கோட்டையும் வெயிலையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கர் வாட்டர்கலரோடு பேனாவும் மையும் பயன்படுத்தியவர். ஃபவுன்டன் பேனா மை தண்ணீர் பட்டால் கரையும். வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க்தான் வேண்டும். அதைத் தொட்டு எழுதும் நிப்பில் பயன்படுத்துங்கள், ஃபவுன்டன் பேனாவில் ஊற்றினால் பேனா போச்சு. கறுப்பாகவே போடாமல் செப்பியாவை நீர்த்துப் போட்டால் குழந்தையின் கன்னம் கம்பி கட்டியது போலத் தெரியாது.

கன்னச் சிவப்பு முழுக்க நேரக் கணக்கு. முதல் பூச்சு ஈரமாகப் பளபளக்கும்போது ரோஸைத் தொட்டு வைத்தால் அது தானே பரவி விளிம்பில்லாமல் கரையும். பளபளப்பு போன பிறகு தொட்டால் காலிஃபிளவர் மாதிரிக் கறை விழும். இங்கிலாந்து ஓவியர்களின் புத்தகங்களில் இதற்கு நிதானமாக நேரம் இருப்பதாக எழுதியிருப்பார்கள். சித்திரை மாதத்து நெல்லையில் அந்தப் பளபளப்பு மூச்சு விடுவதற்குள் போய்விடும். ஃபேனை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. பேப்பரின் பின்பக்கத்தையும் நனைத்து அக்ரிலிக் ஷீட்டின் மேல் ஒட்டவைத்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். விடிகாலைதான் உத்தமம். ஐப்பசியில் பிரச்சினை தலைகீழ். எதுவும் காயாது, பேப்பரில் ஈரம் ஏறி அதன் மேல்பூச்சு கெடும். கலர் அங்கங்கே பொட்டுப் பொட்டாக உறிஞ்சப்படும். மீதிப் பேப்பரை மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத கவரில் வைக்கிறேன். டியூப் கலரைத் தட்டில் பிதுக்கி மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். திறந்து காயவிட்டு மூடுங்கள்.

பார்க்கரின் முறையையே வீட்டில் செய்து பார்த்தது அடுத்த கட்டம். ஐந்திதழ், மெல்லிய மஞ்சள், சுருங்கிய இலை என்று தேடியபோது மாடிக் கொடியிலேயே இருந்தது பீர்க்கம்பூ. சங்கப் பாடல்களில் தலைவியின் பசலைக்கு உவமை சொன்ன பூ. பிரிம்ரோஸைவிட அடர்த்தியான மஞ்சள், ஆனால் இதழ் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி மெல்லியது. சிக்கல் என்னவென்றால் அது மலர்வது சாயங்காலம், மறுநாள் காலையில் துவண்டுவிடும். பூ விரியவும் வெளிச்சம் போகவும் சரியாக இருக்கும். வீட்டு வார்ம் எல்இடி வெளிச்சத்தில் வெளிர்மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் கூல் டேலைட் பல்பை மாட்டிய பிறகுதான் கலர் கலக்க முடிந்தது. பூவின் பக்கத்திலேயே ஒரு துண்டுப் பேப்பரில் கலந்த நிறத்தைத் தடவி, என்னென்ன சேர்த்தேன் என்று எழுதிவைப்பேன். மறுநாள் பூ இருக்காது, அந்தத் துண்டு இருக்கும்.

மாடல், அக்கா மகள். ஆறு வயது. சிறகுக்கு ஈர்க்குச்சியும் பழைய கொசுவலையும்; பாவாடை, பழைய மஞ்சள் சுங்கடியைக் கிழித்து. தைக்காமல் ஊக்கு குத்தியதுதான். "சித்தி, கை வலிக்கு" என்று சொல்லும்வரைதான் ஒரு போஸ், அது இரண்டு நிமிடம் தாண்டாது. அதனால் முழு உருவம் என்று உட்காரக் கூடாது. ஒரு தடவை கை, ஒரு தடவை தலை சாய்ந்த விதம், இன்னொரு நாள் பாதம் என்று துண்டு துண்டாக எடுக்க வேண்டும். போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போன் காமிராவைக் கிட்டத்தில் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போகும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். பூவை நிஜமாகவே கையில் கொடுத்ததில்தான் பெரிய லாபம். குழந்தை மெல்லிய காம்பைப் பெரியவர்கள் மாதிரி விரல்நுனியில் பிடிப்பதில்லை, மொத்தக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிறது. பத்து நகல் போட்டாலும் இது தெரிந்திருக்காது.

தோல் நிறத்தில் நகலின் பாடம் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. பார்க்கரின் குழந்தைகளுக்கு மஞ்சள் ஓக்கரும் ரோஸும் ரொம்ப நீர்த்து ஒரு பூச்சு, கன்னத்தில் சிவப்பு, முடிந்தது. நாம் சின்ன வயதில் வைத்திருந்த கிரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு வெளிர் ரோஸ் குச்சி இருக்குமே, அது யாருடைய தோல் என்று யாரும் கேட்டதில்லை. அக்கா மகள் என் நிறம், மாநிறம். அவளுக்கு பர்ன்ட் சியன்னாவில் துளி ரோஸ் சேர்த்து முதல் பூச்சு. அது காய்ந்ததும் நிழலுக்கு அதே பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரின். கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம், தோல் செத்துவிடும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் விழுகிற இடத்தைப் பேப்பர் வெள்ளையாக விட்டால் எண்ணெய் வழிவது போலத் தெரியும். மிக நீர்த்த நீலம் ஒன்று போட்டால் வானத்தின் வெளிச்சமாக மாறும். இன்னொரு லாபமும் கிடைத்தது. மாநிறத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் வெளிர்மஞ்சள் பளிச்சென்று நின்றது. பச்சையை வைத்து நான் பட்ட பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயம். நகலை விற்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பார்க்கர் இறந்தது 1973-ல். இந்தியாவில் பதிப்புரிமை ஓவியரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு, அதாவது 2033 முடியும்வரை. பிரிட்டனில் 70 ஆண்டு, 2043 முடியும்வரை. வீட்டில் உட்கார்ந்து பழகுவதற்குத் தடையில்லை. அட்டையாக அச்சடித்து விற்பதும் போட்டிக்கு அனுப்புவதும் வேறு கதை. என் நகல்கள் ஃபைலில் இருக்கின்றன, ஓரத்தில் பென்சிலில் 'பார்க்கரைப் பார்த்து' என்று எழுதி.

பீர்க்கம்பூப் படத்தை அக்கா ஃப்ரேம் போட்டுக் கேட்டாள். ஃப்ரேம் கடையில் பெரும்பாலும் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டியே போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கலர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் போர்டு, அதாவது ஜன்னல் போல வெட்டிய தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஆசிட்-ஃப்ரீ அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. கிரிம்சன் லேக், அலிசரின் போன்ற சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுக்கும். கன்னத்துக்கு பெர்மனென்ட் ரோஸ் என்று எழுதிய டியூபையே வாங்குங்கள். மேற்கு வெயில் விழாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு சுவர் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.